தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கெட்டி அட்டை போட்ட பழைய நோட்டு. அதில் ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். மழைக்கும் மூடுபனிக்கும் இரண்டு பக்கம். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பக்கம். ரகசியமாகக் கூடிப் பேசி ஒரு காரியத்தை நடத்துவதற்கான சொற்களுக்கு மட்டும் ஏழு பக்கம். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவளின் நோட்டு வேறு எப்படி இருக்கும்?

ஆங்கிலம் எனக்கு வீட்டில் வந்ததல்ல. அப்பா அதே பள்ளியில் வண்டி ஓட்டினார். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு பிரின்சிபாலின் அறைக்கு வெளியே போட்டிருந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாத சொல் வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் குறித்துவைத்து, மதியம் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டுவேன். மிஷன் பள்ளிக்கூடம் என்றால் ஜெபமும் மணிச் சத்தமும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு பிரின்சிபாலின் கடிதக் கட்டைப் பார்த்ததில்லை. யார் யாரை இறக்கப் பார்க்கிறார்கள், யார் யாருக்குப் பின்னால் நின்று பேசுகிறார்கள், பள்ளியை நடத்தும் போர்டுக்கு மொட்டைக் கடிதம் எழுதியது யாராக இருக்கும் என்பதெல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிற்று. பிரின்சிபால்கள் மாறினார்கள். கடிதங்களின் விஷயம் மாறவில்லை.

அப்படிச் சேர்ந்த சொற்கள்தான் அந்த ஏழு பக்கம். நம்மிடம் சதி இருக்கிறது, சூழ்ச்சி இருக்கிறது, சூது, உள்வேலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் குரலை உயர்த்திச் சொல்கிற சொற்களாகவே எனக்குப் பட்டன. அலுவலகத்துக்கு வேண்டிய அளவான விஷம் ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்கீம் என்றால் ஒரே ஆள்கூட உட்கார்ந்து போடலாம். கபால் என்றால் நாலைந்து பேர் வேண்டும், கதவும் சாத்தியிருக்க வேண்டும். இன்ட்ரீக் கொஞ்சம் பட்டுப்புடவை கட்டிய சொல். மெஷினேஷன் பெரும்பாலும் பன்மையில்தான் வரும். அதில் இறங்கியவர் ஒன்றோடு நிறுத்துவதில்லை போலிருக்கிறது. கொல்யூஷன் என்பது ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டியவர்களே மேசைக்கு அடியில் கைகோர்த்துக்கொள்வது. கான்ஸ்பிரசிக்கு வேர்ச்சொல் சேர்ந்து மூச்சு விடுவது என்று அகராதியில் போட்டிருந்தது. கனைவன்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நடப்பது தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

எனக்கு இதில் பெருமை இருந்தது. எம்.ஏ. படித்துவிட்டு வந்த ஆசிரியர்களே அறிக்கை எழுதும்போது என் மேசைக்கு வந்து, இதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நிற்பார்கள். டிரைவர் மகள் வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சமையலறை, தோட்டம், காவல் ஆட்களுக்குப் போகும் கடிதங்களும் ஆங்கிலத்தில்தான் அடிக்கப்படும். கடிதம் யாருக்கோ அவர் என் மேசைக்கு வருவார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதும் அதற்குக் கீழே, உள்ளடக்கம் தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதி, நான் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு வரியை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது.

சில வருடங்களுக்கு முன்பு பள்ளிக்குக் கைரேகை மெஷின் வந்தது. ஆசிரியர்கள் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். சமையலறைப் பெண்கள் வைத்தால் எரியாது. வெங்காயமும் கத்தியும் சோடாவும் மார்கழிக் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து அவர்கள் விரலில் ரேகை என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. மெஷின் மாட்ட வந்த ஆள் துணியால் துடைத்துப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார், பிறகு கையை விரித்துவிட்டார். அதனால் சமையலறைக்கு மட்டும் பழைய கையெழுத்துப் பதிவேடு திரும்பி வந்தது. மாதக் கடைசியில் அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

அங்கே ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் இடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பேனா தாளைத் தொட்டதும் கை தானாகப் போடுவது. பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்து அக்கா 786 என்று எழுதுவார். வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் மூவரில் இருவர் பிள்ளையார் சுழி போடுவார்கள். மூன்றாமவள் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். ஐந்தாவது பெண் எதுவும் போடமாட்டாள், அவளுக்கு எப்போதும் அவசரம்.

சிலுவை போடுகிறவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. முன்னூறு பேருக்குச் சப்பாத்தி தேய்க்கிற கை. அவள் மகள் எங்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது என்று ஒரு விதி உண்டு. அம்மாவின் ஒப்பந்தம் இருக்கும்வரைதான் மகளின் இடம். அந்தப் பெண் நர்ஸிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதாவது படிவம் நிரப்ப என்னிடம் வருவாள். எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

ஒரு மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, அவள் வரிசையில் மூன்று நாள் தொடர்ந்து பிள்ளையார் சுழி போட்டிருந்தது. வேதக்காரி பெயருக்கு மேல் பிள்ளையார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் முந்தைய மாதங்களைப் புரட்டினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய், புதன், வியாழன், அந்த மூன்று நாளும் சுழியோ 786-ஓ இருந்தது. மற்ற நாள் எல்லாம் சிலுவை. கையெழுத்தை அவளைப் போலவே போட்டுப் பழகியிருந்தார்கள். மேலே இருக்கும் அடையாளத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம். சத்தம் கூடாது. சமையலறைக்கு மேலேயே விடுதி இருப்பதால் வேலைக்காரப் பெண்களும் அந்த ஒரு மணி நேரம் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். பனி உள்ளே வராமல் இருக்க உருளைக்கிழங்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருப்பார்கள். நான் கதவைத் திறந்தபோது ஐந்து பேரும் தலையைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு வந்து ஒன்றாகக் கலந்தது. என் நோட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் காட்சி பொருந்தியிருக்கும்.

நான் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். யாரும் மறுக்கவில்லை. பஜார் அக்காதான் பேசினார்.

"உங்ககிட்ட ஒளிச்சு என்ன ஆகப்போகுது மிஸ். இவளுக்கு மார்ல கட்டி. லீவுல மதுரைக்குப் போயி எடுத்தாச்சு. இப்ப மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. செவ்வாக்கெழம வெள்ளனே பஸ்ஸேறுனா, திரும்பி வந்து எந்திரிக்க வியாழன் ஆகிப்போகுது. அவ சோலி ஒண்ணும் இங்க நிக்கலைங்க. அவ பங்கு மாவையும் நாங்கதான் பெசையிறோம்."

ஏன் மறைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். சமையலறை ஆட்கள் வருடா வருடம் உடல் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும். பெரிய நோய் என்று தெரிந்தால் சமையலறையில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். விடுப்பு ஒரு பருவத்தில் இத்தனை நாளுக்கு மேல் போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இரண்டு வருடத்துக்கு முன்பு காசநோய் வந்த ஒரு பாத்திரம் கழுவுகிற பெண்ணை மிகுந்த அனுதாபத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அனுதாபக் கடிதத்தை அடித்தது நான்தான். தமிழில் விளக்கிச் சொன்னதும் நான்தான்.

அவள் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். கொடைக்கானலில் தலையை மூடிக்கொண்டிருப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவள் முடி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் அவளைப் பார்க்கிற எனக்கும் தெரியவில்லை.

"பிள்ளை பிளஸ் டூ பரீட்சை எழுதுற வரைக்கும்தான் மிஸ்," என்றாள். "அதுக்கப்புறம் நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்."

நான் பதிவேட்டை மூடினேன். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அது என் வாயில் தானாக வந்தது. இனிமேல் அவள் பெயருக்கு மேல் எல்லோரும் சிலுவையே போடுங்கள் என்றேன். ஐந்து பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேலே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தமில்லாமல் சிரிக்க வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். பழைய மாதங்களுக்குப் போட்டது போலவே அந்த மாதப் பக்கத்துக்கும், சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் நான் நன்றாக இருந்தேன். காலையில் வேலைக்கு வருவதற்கே ஒரு தெம்பு இருந்தது. அத்தனை வருடம் மற்றவர்களின் உள்வேலைகளுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் பஜார் அக்கா என்னைக் கடந்து போகும்போது லேசாகத் தலையை ஆட்டுவார். பஸ்ஸேறிவிட்டாள் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அவள் வெளுத்த முகத்தோடு வந்து, என் மேசையில் ஒரு டம்ளர் இஞ்சி டீ வைத்துவிட்டுப் போவாள். சிலுவைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. மதுரையில் இன்னும் இரண்டு தடவைதான் பாக்கி என்றார்கள்.

ஐப்பசி மழை அந்த வருடம் கனமாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வில்பட்டி ரோட்டில் மண் சரிந்து ஒரு மரமும் விழுந்து, பஸ் நின்றுபோனது. அவள் முதல் நாள் சாயங்காலமே மதுரைக்குப் போயிருந்தாள், மழையைப் பார்த்துப் பயந்து. மற்ற இரண்டு வில்பட்டிப் பெண்களும் வர முடியவில்லை. இது எதுவும் தெரியாமல் பஜார் அக்கா ஆறரை மணிக்கு நடந்து வந்து, வந்த கையோடு தன் கையெழுத்தையும் அவள் கையெழுத்தையும் போட்டுவிட்டார். அந்த வாரம் அவருடைய முறை. பொறுமையாகச் சிலுவை போட்டிருந்தார். ஏழு மணிக்குத்தான் ரோடு மூடிய செய்தி வந்தது. வில்பட்டியிலிருந்து ஒருத்தரும் வராத நாளில், வில்பட்டிக்காரி ஒருத்தி மட்டும் வேலைக்கு வந்திருந்தாள்.

எட்டு மணிக்குப் பஜார் அக்கா பதிவேட்டைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், இதை வெரசா அடிச்சு உங்க இனிஷியலைப் போட்டுருங்க. வரி மாறிப் போட்டுட்டேன்னு சொல்லிக்கிடலாம்."

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் அலுவலகத்தின் சுருக்கொப்பம் வேண்டும். என் சுருக்கொப்பம்தான். வரி மாறிப் போட்டுவிட்டேன், தேதி மாறிப் போட்டுவிட்டேன் என்று மாதத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது வருவார்கள். எதையும் கேட்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேனா என் கையில் இருந்தது. மூடி திறந்தே இருந்தது. அந்த நேரத்தில் ஒரு கணக்கு ஓடியது. இத்தனை நாள் நான் போட்டது எல்லாம் மாதக் கடைசிக் கையெழுத்து. கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இன்றைக்குப் போடுவது அப்படியில்லை. ரோடு மூடிய தேதியில், அவள் பெயருக்கு நேராக, என் கை. ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

"இப்ப பிரின்சிபால் வர்ற நேரம்க்கா," என்றேன். "பதினோரு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

பிரின்சிபால் ஒன்பதரைக்கு முன்னால் வந்ததே இல்லை. அது அக்காவுக்கும் தெரியும். என்னை ஒரு தரம் பார்த்தார். சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பத்தரை மணிக்கு நிர்வாக அதிகாரி சமையலறைக்குப் போனார். நகரத்திலிருந்து முந்தைய வருடம்தான் வந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைநாளில் ஆள் இல்லாமல் எப்படிச் சமைக்கிறார்கள், உதவிக்கு யாரை அனுப்பலாம் என்று பார்க்கத்தான் போனார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பதிவேட்டை எடுத்தார். அதில் மூன்று கையெழுத்து இருந்தது. அடுப்படியில் இரண்டு பேர் நின்றார்கள்.

அன்றைக்கே எல்லாம் வெளியே வந்துவிட்டது. மறுநாள் ரோடு திறந்ததும் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிர்வாக அதிகாரிக்குத் தமிழ் சரியாக வராது. அவர் கேள்வியைத் தமிழில் சொல்லவும் அவர்கள் பதிலை ஆங்கிலத்தில் அடிக்கவும் நான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, நாங்களாகத்தான் செய்தோம் என்றார்கள். ஐந்தாவது பெண், எப்போதும் அவசரத்தில் இருக்கிறவள், அன்றைக்கு மட்டும் அவசரமே இல்லாமல் நின்று, எந்தெந்த நாள் தன் முறை என்று விரல் விட்டுச் சொன்னாள்.

பஜார் அக்காவிடம் நிர்வாக அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

"ஆபீஸ்ல யாருக்காவது இது தெரியுமான்னு சார் கேக்குறாங்க," என்றேன்.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுங்க," என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அடித்தும் வைத்தேன். நான் அடித்த வாக்கியங்களில் அவ்வளவு எளிதான வாக்கியம் வேறொன்று கிடையாது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அடுத்து போர்டுக்கு அறிக்கை. முதல் வரைவில் நான் முறைகேடு என்று பொருள்படும் ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டிருந்தேன். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டுத் திருத்தாமல் நிர்வாக அதிகாரியிடம் நீட்டினார். அவருக்கு அவளை வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்று நினைக்கிறேன். நிர்வாக அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. முறைகேடு என்றால் யாரோ ஒருத்தி ஒருநாள் தவறிவிட்டாள் என்று ஆகிவிடும், இது பல பேர் பல மாதம் திட்டம் போட்டுச் செய்தது, போர்டு இதை முதல் வரியிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வார்த்தை கேட்டுப் பார்க்கிற பார்வை, எனக்குப் பழக்கமானது.

எனக்கு வேறு சொல் தெரியாதா? ஏழு பக்கம் இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருந்ததே போதும் என்று சொல்லியிருக்கலாம், பிரின்சிபால் என் பக்கம் நின்றிருப்பார். ஆனால் மெல்லிய சொல்லுக்காக நான் வாதாடினால், இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். பயம் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். வார்த்தை கேட்டால் எடுத்துக் கொடுத்துப் பழகிய நாக்கு. "கான்ஸ்பிரசி," என்றேன். நிர்வாக அதிகாரி தலையாட்டினார். நான் உட்கார்ந்து அடித்தேன். எனக்குரிய சொல், கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கான சொல், நோட்டில் அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்து நாளில் போர்டிலிருந்து பதில் வந்தது. நாலு பேருக்கும் கடைசி எச்சரிக்கை. அவளுக்கு உடனடியாக ஒப்பந்தம் ரத்து. மகள் அந்தப் பருவம் முடியும்வரை படிக்கலாம்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் மருந்தை முடித்தாள். இப்போது இருக்கிறாள். முடி திரும்ப வளர்ந்துவிட்டது, வில்பட்டியில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறாள். மகளை வருட நடுவில் அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவள் எடுத்திருந்த பிரிவு இல்லை, வேறு பிரிவில் உட்கார்ந்தாள். பாஸ் செய்தாள், நர்ஸிங்குக்குப் போகமுடியவில்லை. ஏரிக்கு மேலே ஒரு சாக்லேட் கடையில் பில் போடுகிறாள். டூரிஸ்ட்டுகளிடம் நல்ல ஆங்கிலம் பேசுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் எதிர்ச் சாரியில் நடப்பேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் பிரின்சிபாலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனேன். சமையலறை விஷயம் என்று ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தி, அந்த ஃபைல் மூடியாயிற்று, நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் உண்டு. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

கடிதத்தை வாங்க அவள் வந்த நாள்தான் எனக்கு மறக்கவில்லை. வழக்கம்போல வெள்ளிக்கிழமை. குல்லா போட்டிருந்தாள். டீ இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் கடிதத்தை வரிவரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். எந்தத் தேதியிலிருந்து வேலை இல்லை, எந்தத் தேதிவரை மகள் படிக்கலாம், எந்தப் பொருளையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சரிங்க என்றாள். அப்புறம் காரணம் எழுதியிருந்த வரி வந்தது. நான் கொடுத்த சொல் அதில் இருந்தது. போர்டில் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

தமிழில் அதற்கு நேரான சொல் ஒன்றுதான். அந்த முகத்தைப் பார்த்து, நீ சதி செய்தாய் என்று எழுதியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் ஒரு நொடியில் வந்த சொல், தமிழில் வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

"என்ன மிஸ் போட்டிருக்கு?" என்றாள்.

"எல்லாரும் சேர்ந்து செஞ்சதுன்னு போட்டிருக்கு," என்றேன்.

"ஆமா மிஸ். சேர்ந்துதான செஞ்சோம். அதுல ஒண்ணும் பொய் இல்லையே."

பேனாவைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு உடனே கையெழுத்துப் போடவில்லை. பிரின்சிபால் அறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மேசை மேல் குனிந்தாள். உருளைக்கிழங்கு அறையில் பேசுகிற அதே தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்க பேரு இதுல எங்கயும் வரலைல்ல மிஸ்?"

"வரலை," என்றேன்.

"அது போதும் மிஸ். எங்க வந்துருமோன்னு நாங்க அஞ்சு பேரும் பயந்துக்கிட்டே கெடந்தோம்."

அப்படிச் சொல்லிவிட்டுத் தாளின் மேல் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். மகளின் டி.சி.க்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாள். நான் அவள் கையெழுத்துக்குக் கீழே, உள்ளடக்கம் தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டேன்.